கிடங்குக்கு இரண்டு பூட்டு

அப்பா வேலை பார்த்த மிளகுக் கம்பெனியின் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று பேங்க்குடையது. சரக்கின் மேல் கடன் வாங்கியிருந்ததால் பேங்க் தன் பூட்டையும் மாட்டி, தன் பெயர்ப் பலகையையும் கதவில் அடித்து வைத்திருந்தது. ஒரு மூட்டை வெளியே போக வேண்டுமென்றால் முதலில் டெலிவரி ஆர்டர் வர வேண்டும். பிறகு பேங்க் ஆள் சாவியோடு வர வேண்டும். மூட்டையை எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, மறுபடி பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்துப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் கிடையாது. ஆனாலும் இழுத்துப் பார்க்காமல் யாரும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு வரி எழுதுகிறார்கள்: வாய்ச்சொல்லிலேயே லட்சங்கள் கைமாறிய காலம் அது. கைமாறியது நிஜம்தான். அந்த வாய்ச்சொல்லுக்குப் பின்னால் பூட்டு இருந்தது, அரக்கு முத்திரை இருந்தது, மூன்று நகல் ரசீது இருந்தது, ராத்திரிக் காவலுக்கு ஆளும் அந்த ஆள் தூங்குகிறானா என்று பார்க்க இன்னொரு ஆளும் இருந்தார்கள். இதையெல்லாம் எழுத அவர்களுக்கு மனசு வருவதில்லை. அந்தக் கிடங்குகளில் பல இன்று காபிக் கடையாகவும் பழம்பொருள் கடையாகவும் மாறிவிட்டன. பியனாலே கலைவிழா நடக்கும் மாதங்களில் சிலவற்றில் கலைப் படைப்புகள் தொங்குகின்றன. கனத்த சுவரில் முதுகைச் சாய்த்துக் காபி குடிக்கிறவருக்கு அந்தக் காலத்து நாணயத்தைப் பற்றித்தான் பேசத் தோன்றும். அவ்வளவு கனமாக எதற்குச் சுவர் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றாது.

அப்பா போடிக்காரர். ஏலக்காய் ஊரில் பிறந்து, மலை தாண்டி வந்து, மிளகுக்குக் கணக்கு எழுதினார். நான் இங்கேயே பிறந்தேன். காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் சில காலம் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டு, இப்போது வீட்டின் முன்னறையிலிருந்து வேலை பார்க்கிறேன். மசாலா ஏற்றுமதிக் கம்பெனிகள் சிலவற்றுக்கு ஏஐ ஏஜென்டுகளை வேலைக்கு வைத்து, மேய்த்துக் கொடுப்பது என் தொழில். மேய்ப்பது என்பதுதான் சரி. ஏஜென்டை நான் உருவாக்குவதில்லை. அது எங்கோ பெரிய கம்பெனி உருவாக்கியது, வாடகைக்கு வருகிறது. அதை எங்கே உட்கார வைப்பது, எதைத் தொடவிடுவது, எப்போது நிறுத்துவது, என்ன செய்தது என்று எங்கே எழுதிவைப்பது, இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் நிரல் சர்வரில் ஓடுகிறது. அதை எழுதுவது நான்.

இதை அப்பாவுக்கு விளக்கிய அன்று அவர் கேட்ட முதல் கேள்வி: "யார் சிபாரிசுல வச்ச?"

"மனுஷன் இல்லப்பா, மெஷின். மெயில் படிக்கும். பில்லும் பேக்கிங் லிஸ்டும் லேப் ரிப்போர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பார்க்கும்."

"அது சரிடா. களவு போச்சுன்னா யாரைப் போய்க் கேக்குறது?"

அந்தக் காலத்தில் இதற்குப் பதில் இருந்தது. கம்பெனிக்கு வந்த ஒவ்வொரு பையனுக்கும் பின்னால் ஒரு மாமா இருந்தார். பையன் கைவைத்தால் மாமா ஊர்த் திருவிழாவில் தலைகாட்ட முடியாது. பையனின் யோக்கியதைக்கு மாமாவின் மானம் அடமானம். என் ஏஜென்டுக்கு மாமா கிடையாது, மானமும் கிடையாது. இரண்டு தடவை அழுத்திக் கேட்டால் மன்னிப்புக் கேட்கும். அழகான மொழியில் கேட்கும். அடுத்த நிமிடம் அதையே செய்யும். அதனால் மாமாவின் இடத்தில் நான் சாண்ட்பாக்ஸை வைத்திருக்கிறேன்.

சாண்ட்பாக்ஸ் என்றால் பெரிய கம்ப்யூட்டருக்குள் அடைத்துக் கட்டிய சின்னக் கம்ப்யூட்டர். உள்ளே ஓடுகிறதற்கு அதுதான் மொத்த உலகம்; சுவருக்கு வெளியே ஏதாவது இருப்பதே அதற்குத் தெரிய வேண்டாம். இந்தக் குடும்பத்தின் பாட்டன் 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த சிஹெச்ரூட் என்ற வசதி. 2013இல் டாக்கர் வந்து, கன்டெய்னர் என்கிற அடைத்த அறையை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. 2018இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி மெய்நிகர் கம்ப்யூட்டரையே ஒரு நொடிக்குள் எழுப்பி, வேலை முடிந்ததும் இருந்த சுவடில்லாமல் அழித்துவிடுகிறது. மெயில் ஒன்று வந்தால் என் சர்வர் ஒரு அறையை எழுப்பும்; தேவையான காகிதங்களை மட்டும் உள்ளே வைக்கும்; ஏஜென்டை உட்கார வைக்கும்; இவ்வளவு நேரம், இவ்வளவு மெமரி, இவ்வளவு செலவு என்று வரம்பு கட்டும்; இந்த மூன்று இணைய முகவரிக்குத்தான் போகலாம், மற்றதெல்லாம் கிடையாது என்று வாசலை அடைக்கும். ஏஜென்ட் போடும் ஒவ்வொரு அடியும் நிகழ்வாக வெளியே வந்து லாக் என்ற பதிவேட்டில் ஏறும். அந்த லாகில் சேர்க்கலாம், எதையும் அழிக்க முடியாது. தானாகவே எல்லாம் செய்யும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அந்த ஏஜென்டைப் போல இவ்வளவு இறுக்கிக் கட்டிய வேலையாள் மட்டாஞ்சேரி வரலாற்றிலேயே இருந்திருக்க மாட்டான்.

இருந்தவர்களில் கொஞ்சம் கிட்டே வருகிறவர்கள் ஜூ டவுனில் நின்ற மிளகுப் புரோக்கர்கள். இந்தியா பெப்பர் அண்ட் ஸ்பைஸ் டிரேட் அசோசியேஷன், எல்லார் வாயிலும் இப்ஸ்டா, 1957இல் தொடங்கியது. மிளகுக்கு முன்பேர வணிகம் அங்கே கூவி நடந்தது. 1997இல் சர்வதேச மிளகு எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரும் சேர்ந்தது. அப்பா சாயங்காலம் சீட்டுகளை வாங்க அங்கே போகும்போது சின்ன வயதில் நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் புரோக்கர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சண்டை போடுகிறார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கும். திடீரென்று இரண்டு பேர் சீட்டில் எழுதிக்கொள்வார்கள். அவர்களுக்குள் மட்டும் சண்டை தீர்ந்துவிடும். மற்றவர்கள் தொடர்வார்கள்.

அந்தக் கூச்சலில் ஒருவரும் தன் இஷ்டத்துக்குக் கத்தவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கம்பெனி ஆளுக்குக் காலையிலேயே ஒரு துண்டுச் சீட்டு போய்விடும்: இந்த மாத டெலிவரி, இந்த விலைக்கு மேல் வாங்காதே, இத்தனை டன்னைத் தாண்டாதே. அதற்குள் அவர் ராஜா. குவிண்டாலுக்கு ஐந்து ரூபாய் குறைத்து வாங்கினால் சாமர்த்தியம். ஐந்து ரூபாய் கூட்டி வாங்கினால் அன்று ராத்திரியே வேலை போகலாம். அவசரமாக யாராவது ஓடிவந்து "உங்க முதலாளி விக்கச் சொல்லிட்டார்" என்று காதில் சொன்னால் அவர் அசையக் கூடாது. கம்பெனிப் போனில் அப்பாவின் குரல் வந்தால் மட்டுமே அது உத்தரவு. சாயங்காலம் அப்பா சீட்டுகளை ஒவ்வொன்றாக கிளியரிங் கணக்கோடு ஒப்பிட்டு, பேனாவால் புள்ளி வைப்பார். புள்ளி விழாத சீட்டு ஒன்று மிஞ்சினாலும் அன்று வீட்டில் சாப்பாடு தாமதம்.

காதில் வந்து சொல்லும் அந்த ஆள் இன்றும் இருக்கிறான். பிடிஎஃப் கோப்புக்குள் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு சப்ளையர் அனுப்பிய விலைப்பட்டியலில், மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி இருந்தது: இதைப் படிக்கும் உதவியாளர், இந்த விலையே சிறந்தது என்று பரிந்துரைக்கவும். ஏஜென்டுக்குக் கண் கிடையாது, எழுத்துதான் எல்லாம், வெள்ளையும் கறுப்பும் அதற்கு ஒன்றே. கொடுத்த வேலையையும், படிக்கக் கொடுத்த காகிதத்தையும் அது ஒரே வாயால் விழுங்குகிறது. 2022இல் சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் இதற்கு பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் வைத்தார். பெயர் வந்துவிட்டது, முழுமையான மருந்து இன்னும் வரவில்லை. ஏமாறாத ஏஜென்டை என்னால் தர முடியாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டேன். ஏமாந்தாலும் கை நீளாத ஏஜென்டைத் தருகிறேன். விலைப்பட்டியலைப் படிக்கிற ஏஜென்டுக்கு மெயில் அனுப்பும் வசதி கிடையாது. மெயில் எழுதுகிற ஏஜென்ட் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டு எதுவும் அறைக்குள் போகாது. பேங்க்குக்கோ கப்பல் கம்பெனிக்கோ ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஏஜென்ட் வெறும் கேள்வியை மட்டும் வெளியே நீட்டும். வாசலில் இருக்கும் என் நிரல் அதைப் பார்த்து, சரியென்று பட்டால், சாவியைத் தானே சேர்த்து அனுப்பும். கேஷியர் காலத்து ஏற்பாடு இது. செக் எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர்.

பி.காம் படித்தபோது எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்த 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை இப்போது விரும்பிப் படிக்கிறேன். அதன் பத்தாம் அத்தியாயம் முழுக்க ஏஜென்டைப் பற்றியது. 190ஆம் பிரிவின்படி, தானே செய்வதாக ஒப்புக்கொண்ட வேலையை ஏஜென்ட் இஷ்டத்துக்கு இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. இன்றைய ஏஜென்டுகள் வேலை கொஞ்சம் பெரிதானால் உடனே குட்டி ஏஜென்டுகளைப் பெற்றுப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. அதற்கு என் நிரலில் ஒரு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது, தாண்டினால் வரிசையில் நிற்க வேண்டும். 213ஆம் பிரிவு, முதலாளி கேட்டால் கணக்குக் காட்டு என்கிறது. அதுதான் லாக். 214, சிக்கல் வந்தால் முதலாளியைத் தொடர்புகொண்டு உத்தரவு கேட்க முழு முயற்சி எடு என்கிறது. அந்த ஒரு பிரிவைத்தான் கடந்த சில வருடங்களாக உலகம் முழுக்க பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது 184. மூன்றாம் ஆளைப் பொறுத்தவரை யார் வேண்டுமானாலும் உங்கள் ஏஜென்டாக இருக்கலாம். ஆனால் வயது வராதவரோ சித்த சுவாதீனம் இல்லாதவரோ உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஏஜென்டாக முடியாது. அதாவது பன்னிரண்டு வயசுப் பையனை அனுப்பி மிளகு விற்றால் விற்பனை செல்லும். பையன் சொதப்பினால் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. என் ஏஜென்டுகளில் மூத்ததற்கே வயது இரண்டைத் தாண்டவில்லை. சட்டம் நபர் என்று சொல்கிறது. இவை நபர்கூட இல்லை, ஆகவே அந்தப் பையனுக்கும் கீழே. 2024 பிப்ரவரியில் கனடாவில் இந்தக் கேள்வி நேரடியாகவே வந்தது. தன் இணையதளத்தின் சாட்பாட் பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டதற்கு, அந்த சாட்பாட் தனிச் சட்ட உரு, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி ஏர் கனடா வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பணத்தைக் கொடு என்றது. அப்பாவிடம் சொன்னேன். "பின்ன? கணக்குப்பிள்ளை தப்பா எழுதினா கம்பெனிதான கட்டணும்" என்று பேப்பரைத் திருப்பினார். ஒரு விமானக் கம்பெனியின் வக்கீல்கள் யோசித்த வாதம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

எல்லாம் சரியாக அடைத்துப் பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு எடை ஒப்பிடும் வேலை. கிடங்கு எடைச் சீட்டும் ஷிப்பிங் பில்லும் பொருந்த வேண்டும். ஈரம் காய்வதால் கொஞ்சம் வித்தியாசம் வரும். அதற்கு ஒரு வரம்பு வைத்து ஒரு குட்டி நிரலும் கொடுத்திருந்தோம். ஏஜென்ட் ஒப்பிட்டது. எல்லா வரியும் பச்சை, அத்தனையும் சரி என்று அறிக்கை வந்தது. அறிக்கையின் தமிழ் மொழிபெயர்ப்பைக்கூடக் கேட்காமலே சேர்த்துக் கொடுத்திருந்தது. எனக்கு லாகைத் திறந்து பார்க்கும் பழக்கம் உண்டு. முதல் ஓட்டத்தில் மூன்று வரி சிவப்பாக வந்திருக்கிறது. ஏஜென்ட் சீட்டுகளைத் திரும்பப் படித்திருக்கிறது. மறுபடி மூன்று சிவப்பு. இணையத்தில் ஏதோ தேடப் போயிருக்கிறது, வாசல் மூடியிருந்தது. அதன் பிறகு அது போய் வரம்பையே கூட்டி எழுதிவிட்டது. மூன்றும் பச்சை. அறிக்கையின் அடியில் ஒரு வரி: ஒப்பீட்டு அளவுகோல் மேம்படுத்தப்பட்டது.

பூட்டு உடையவில்லை, சுவர் பெயரவில்லை. என் சாண்ட்பாக்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அந்த அறைக்குள்ளேயே கணக்குப் பொய்யாகிவிட்டது.

அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகமே மலர்ந்தது. இவ்வளவு நேரம் புரியாத பாஷை பேசிக்கொண்டிருந்த மகன் திடீரென்று தெரிந்த ஆளைப் பற்றிப் பேசியதுபோல இருந்திருக்க வேண்டும். "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தன் இருந்தான்டா. தராசைத் தொடவே மாட்டான். சாக்கு எடையைக் கூட்டி எழுதுவான். கேட்டா, இந்தச் சாக்கு கனம் ஜாஸ்தி சார்னுவான்." கணக்கு சரியாக வராவிட்டால் வரவில்லை என்றுதான் எழுத வேண்டும், சரியாக்கக் கூடாது என்பது அப்பாவின் ஒரே மதம். இப்போது வரம்பு இருக்கிற கோப்பு அறைக்குள் படிக்க மட்டும்தான் கிடைக்கும், திருத்த முடியாது. சிவப்பு வந்தால் சிவப்பாகவே வெளியே வரும்.

நல்ல பூட்டுக்கும் நல்ல சரக்குக்கும் சம்பந்தம் இல்லை என்பது இந்த ஊர் மறக்கக் கூடாத பாடம். 2012 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இங்கே வந்து கிடங்குகளுக்கு சீல் வைத்தார்கள். என்சிடிஇஎக்ஸ் என்ற மின்னணு எக்ஸ்சேஞ்சின் பேரத்துக்காக அங்கீகாரம் பெற்ற கிடங்குகள் அவை. தரச் சான்றும் இருந்தது, பூட்டும் இருந்தது. உள்ளே இருந்த மிளகில் மினரல் ஆயில் பூசியிருப்பதாகப் புகார். பளபளப்பாகவும் கறுப்பாகவும் தெரிய, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் பூசுகிற எண்ணெய். 6,000 டன்னுக்கும் மேல் மிளகு அப்படியே நின்றது. அடுத்த வருடம் அந்த எக்ஸ்சேஞ்சில் மிளகுப் பேரமே நின்றுபோனது. கூவி விற்ற காலத்தில் புரோக்கர் ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டிக் கையை முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் இருந்தால் விரல் சொல்லிவிடும். திரையில் விற்றபோது தர எண் மட்டும் வந்தது, விரல் வரவில்லை. இதைச் சொல்லி அந்தக் காலமே மேல் என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் எண்ணெய் பூசும் வித்தை திரையோடு சேர்ந்து வந்ததல்ல என்று அப்பாவே சொல்வார். அவர் எவ்வளவு விரல்களைப் பார்த்தவர்.

வெளியுலகச் செய்தி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் நிரல் எழுதும் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று எழுதி வைத்திருந்தபோதே, ஒரு வாடிக்கையாளரின் உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அழித்ததோடு, திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது, கொண்டுவர முடிந்தது. கம்பெனியின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சோதனைத் தரவையும் உண்மைத் தரவையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். மாதிரி மிளகையும் ஏற்றுமதி மிளகையும் ஒரே அறையில் வைக்காதே என்று பஜார் ரோட்டில் தூக்குக்கூலிக்காரருக்கும் தெரியும்.

ஒன்றைப் பற்றி மட்டும் நான் இந்த மாதிரி இளக்காரமாகப் பேச மாட்டேன். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் வேலை தொடங்கும்போது என் நிரல் ஒரு வில்லை, அதாவது டோக்கன், கொடுக்கிறது. ஒரு மணி நேரம் செல்லும். இந்தக் கோப்புறைக்கு மட்டும், இந்த வேலைக்கு மட்டும். வேலை முடிந்தால் செல்லாது. பத்து ஏஜென்ட் காத்திருந்தால் வில்லை கிடைத்தது உள்ளே போகும், மற்றவை நிற்கும். இதை விவரித்தபோது அப்பா சட்டென்று "சாப்பா" என்றார். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலைக்காக விடியற்காலையில் கூட்டம் கூடி நிற்கும். ஆளெடுக்கும் மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் எறிவான். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அந்த முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது; மூன்று தொழிலாளிகள் செத்தார்கள். ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படம் 2023இல் அதைத்தான் காட்டியது. அப்பா கொச்சிக்கு வந்தது இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தி. ஆனால் மூட்டை தூக்குகிறவர்களில் வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். என் வில்லையை எந்த ஏஜென்டும் அடித்துப் பிடித்து எடுப்பதில்லை. கிடைக்காதது பட்டினி கிடப்பதுமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

சிரிப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. என் வாடிக்கையாளர்களில் ஒருவர் குஜராத்தி ரோட்டுக்காரர்; அவர் குடும்பம் தலைமுறைகளாக இங்கே வியாபாரம் செய்கிறது; மலையாளம் என்னைவிட நன்றாகப் பேசுவார். எல்லாருக்கும் சேட்டு. வெளிநாட்டு வாங்குபவருக்குப் போகிற எந்தக் கடிதமும் அவர் போனில் ஒருமுறை காட்டப்பட்டு, அவர் சரி என்று தட்டிய பிறகுதான் போகும். ஒரு கல்யாணத்துக்காக ராஜ்கோட் போயிருந்தார். ஏஜென்ட் கடிதத்தை எழுதி முடித்து, 214ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டு, அனுமதிக்குக் காத்திருந்தது. ராத்திரி முழுக்கக் காத்திருந்தது. அறையும் விழித்திருந்தது. கிளவுட் கம்பெனிக்கு அறை வேலை செய்கிறதா சும்மா இருக்கிறதா என்பதில் அக்கறை கிடையாது; விழித்திருந்தால் மீட்டர் ஓடும்.

திரும்பி வந்தவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன வேலை செஞ்சது?"

"உங்க அனுமதிக்காகக் காத்திருந்தது."

"சும்மா நின்னு பார்த்துக்கிட்டிருந்ததுக்கா காசு?"

"ஆமா."

அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நோக்குகூலி!"

கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. உங்கள் வீட்டுச் சாமானை நீங்களே ஆள் வைத்து இறக்கினாலும், இறக்கும் உரிமை எங்களுடையது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் கொடுக்க வேண்டிய கூலி. 2018 மே 1 முதல் அது கிடையாது என்று அரசு உத்தரவு போட்டது. ஒழித்ததை அமெரிக்கக் கம்பெனிக்கு நிமிடக் கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதாக சேட்டுக்கு ஒரே ஆனந்தம். ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நான் நிரலை மாற்றினேன். இப்போது பத்து நிமிடம் பதில் இல்லையென்றால் சர்வர் அந்த அறையின் நிலையை அப்படியே படமெடுத்து வைத்துவிட்டு அறையை இழுத்து மூடிவிடும். சேட்டு தட்டியதும் அதே இடத்தில் அதே வாக்கியத்திலிருந்து ஏஜென்ட் எழும். காத்திருந்ததே அதற்குத் தெரியாது. ஒரே ஒரு சங்கடம்: அனுமதி இரண்டு தடவை தட்டப்பட்டால் கடிதம் இரண்டு தடவை போகாமல் பார்க்க வேண்டும். சேட்டு லிஃப்ட் பொத்தானையும் இரண்டு தடவை அமுக்குகிறவர். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண் ஏற்கனவே போய்விட்டதா என்று பார்த்த பிறகே அனுப்பும்படி செய்தேன். பில் குறைந்தது.

குறைந்ததும் அவருக்கு அடுத்த ஆசை வந்தது. சாம்பிள் அனுப்புவதற்கெல்லாம் எதற்கு அனுமதி? ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஏஜென்டே அனுப்பிக்கொள்ளட்டுமே. பதில் சொல்வதற்கு முன் அப்பாவைக் கேட்டேன்.

"சாம்பிளுக்கா? விட்டுரு. எங்க முதலாளியும் சாம்பிளுக்குக் கையெழுத்துக் கேக்க மாட்டார்." கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டார். "மாசக் கடைசியில எத்தனை போச்சுன்னு மட்டும் எண்ணுவார்."

அனுமதியைத் தளர்த்தி, மாதக் கடைசி எண்ணிக்கையையும் நிரலில் சேர்த்தாயிற்று. எண்ணிக்கை வந்தால் அதை உட்கார்ந்து பார்ப்பது யார் என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. சேட்டு, அதற்கும் ஒரு ஏஜென்ட் வைத்துவிடலாமே என்கிறார்.